சீஃப் பார்க்க வந்த கீப்பர்

என் தாய்மாமா பந்தைப் பிடித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வந்துதான் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் அவர் அழகாகச் செய்வார். கோல் விழுந்துவிட்டதே என்று யாரையும் திட்டமாட்டார், மண்ணை உதைக்கமாட்டார். குனிந்து பந்தை எடுத்து, ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிட்டு, "சரிலே, சரிலே. அடுத்தத பாப்போம்" என்று நடு மைதானத்துக்கு உதைத்து அனுப்புவார். அந்த உதை சரியாகப் போய் விழும். நிறையப் பழக்கம் இருந்தது அல்லவா!

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, கீழவைப்பாருக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் பூசை, மத்தியானம் கறிச்சோறு, வெயில் தாழ்ந்தால் மாதா கோயிலுக்குப் பின்னால் பந்து. கரையோர ஊர்களுக்குள் நடக்கும் போட்டியில் மூன்று பிரிவு உண்டு. நாங்கள் மூன்றாவதில் இருந்தோம். எங்களுக்குக் கீழே கடல்தான் இருந்தது. கோல் கம்பம் உடைந்துபோன ஒரு வள்ளத்தின் மரம். வலை, மீன் பிடித்து ஓய்ந்துபோன பழைய வலை. மீன் தப்பிப்போகிற கிழிசல் எல்லாம் அதில் இருந்தது, பந்து மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

மாமாவுக்கு டவுனில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. ஊரில் இங்கிலீஷ் தடங்கலில்லாமல் பேசக்கூடியவர்கள் பங்குச் சாமியாரும் அவரும்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் வலையைக் கட்டுவார், எல்லோருக்கும் பின்னால் அவிழ்த்துக்கொண்டு வருவார். நடுவில் ஐந்தோ ஆறோ கோல் வாங்குவார். ஒருமுறை ஒன்பது. வேறு யாரும் அந்த இடத்துக்கு ஆசைப்படாததால் அவரே கீப்பராக இருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கப்பலிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். போன கப்பலில் அவருக்கு மேலே சீஃப் இன்ஜினியராக இருந்த இங்கிலாந்துக்காரர், இப்போது வேறொரு கப்பலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை கரைக்கு இறங்குவாராம். "ஒன் தம்பி கோல்ல நிக்கிறத பாக்கணும்னு அந்த மனுசன் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காரு. கூட்டிட்டுப் போய் காட்டுங்க" என்றார். அதற்குள் கோடு விழுந்து, படம் நின்று, அப்பாவின் வாய் திறந்தபடியே உறைந்துபோனது. அதற்குப் பிறகு அவர் கப்பல் பெருங்கடலுக்குள் போய்விட்டது. வாரக்கணக்கில் ஆள் கிடைக்கவில்லை.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாதாவே! இந்த மனுசன் கப்பல்ல என்னத்த அளந்து விட்டுருக்காருன்னு தெரியலியே!"

அம்மா அப்படி நினைத்ததில் தப்பில்லை. கப்பலுக்குப் போகிற எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அளப்பவர்கள். இங்கே வந்தால் சிங்கப்பூரை அளப்பார்கள், அங்கே போனால் ஊரை அளப்பார்கள். அப்பா சின்ன வயதில் பிடித்த ஒரு சீலா மீன் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாண் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் தன் மச்சானைப் பெரிய கீப்பர் என்று சொல்லியிருப்பார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீஃப் வந்து பார்க்கும்போது மாமா ஏழு வாங்கினால் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். நிஜமாகவே கப்பலேறி, அவருக்கு முன்னாலேயே அடுத்த கப்பலில் போய் நிற்கும். சீஃப் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால்தான் அப்பாவுக்கு அடுத்த வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று வேறு அம்மாவுக்கு ஒரு எண்ணம்.

அம்மா நேராக ஐஸ் கம்பெனி அண்ணாச்சியிடம் போனாள். மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறவர், எங்கள் டீமுக்குத் தலைவர். வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும் அண்ணாச்சிக்கு இது அப்பாவின் மானமாகத் தெரியவில்லை, ஊர் மானமாகத் தெரிந்தது. முத்தையாபுரத்தில் ஒரு பையன் இருக்கிறான், முதல் பிரிவில் ஆடுகிற டீம்களே தேடி வந்து கூட்டிக்கொண்டு போகும், அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்றார். சீஃப் மாமாவைப் பார்த்தது கிடையாது. மாமாவின் பெயரை மட்டும்தான் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரை அவனுக்கு ஒருநாள் கொடுத்தால் முடிந்தது.

மாமா அப்போது எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். மாமா டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சரிக்கா. மச்சான் சொன்னது பொய்யாவக் கூடாதுல்லா. சாமியாரும் அன்னைக்கு ஊர்ல இல்ல. அவருட்ட இங்கிலீசு பேச ஆளு வேணுமே, நான் பக்கத்துல இருந்துக்கிடுதேன்" என்றார்.

அவ்வளவுதான். சண்டையா, கோபமா, ஒன்றுமில்லை. எனக்கு என்னவோ கொண்டாட்டமாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சீஃப் கண்முன்னால் அந்த முத்தையாபுரத்துக்காரனை நான் "மாமா, மாமா" என்று கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் நடந்துகொண்டே கூப்பிட்டுப் பழகினேன். மனசுக்குள் அவனுக்கு வாடகை மாமா என்று பெயர் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா தேய்த்த முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டு, ஆபீஸ் காரில் துறைமுக வாசலுக்குப் போய் சீஃபைக் கூட்டி வந்தார். நெட்டையான ஆள், வெயிலில் ஏற்கெனவே இறால் மாதிரி சிவந்திருந்தார். அரைக்கால் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பேன்ட் போடாமல் வந்துவிட்டாரே என்று அண்ணாச்சிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் விட்டுவிடுவாரா? பந்தல் போட்டு, மேடை போட்டு, கல்யாண மண்டபத்திலிருந்து மணப்பெண் உட்காரும் நாற்காலியைத் தூக்கி வந்து அதன்மேல் புதுத் துண்டு விரித்து வைத்திருந்தார். சீஃபை அதில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை போட்டு, கையில் இளநீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். கால்பந்து பிறந்த நாட்டிலிருந்து கால்பந்தைப் பார்க்க நம்மூருக்கு வந்திருக்கும் மாமனிதரே என்று ஆரம்பித்தவர், முடிக்கிற வழி தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார். எதிர் டீம்காரர்கள் மணலில் உட்கார்ந்தே விட்டார்கள்.

சீஃப் நடுவில் மாமாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னால் பையன்கள் நிற்கும் இடத்தைக் கை காட்டினார்.

"அங்கன போய் நிக்கட்டுமான்னு கேக்காரு அண்ணாச்சி" என்றார் மாமா.

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? சிறப்பு விருந்தினரு மண்ணுல நிக்கவா? இருக்கச் சொல்லு."

மாமா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சீஃப் மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒரு வழியாக ஆட்டக்காரர்கள் பெயரை வாசித்தார்கள். கீப்பர் முறை வந்ததும் ஸ்பீக்கரில் மாமாவின் பெயர் முழங்கியது. "எங்கள் ஊரின் இரும்புச் சுவர்" என்று வேறு சேர்த்துக்கொண்டார்கள். ஊரே விஷயம் தெரிந்த கூட்டம். சிரிப்பும் விசிலுமாகக் கிளம்பிய சத்தத்தில் காகங்கள் பறந்துவிட்டன. வாடகை மாமா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். சீஃப் துள்ளி எழுந்து தலைக்கு மேலே கைதட்டினார். அவர் அப்படிச் சந்தோஷப்படுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் மாமாவும் தட்டினார். தன் பெயருக்குத் தானே கைதட்டிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிப்பை அடக்க வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சீஃப் மாலையையும் பொன்னாடையையும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் மேடையிலிருந்து இறங்கி நடந்துவிட்டார். அண்ணாச்சி "எய்யா, எய்யா" என்றார். மாமா குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்: "போ ஏளா, பக்கத்துல நில்லு. மாமான்னு கூப்பிட மறந்துராத."

இப்படியாக நாங்கள் மூன்று பேரும் எங்கள் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றோம். நான் என் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். "மாமா, தண்ணி வேணுமா? மாமா, பாத்து மாமா!" என்று கத்தித் தீர்த்தேன். வாடகை மாமா ஒருமுறை திரும்பி, இந்தப் பிள்ளைக்கு என்ன கேடு என்பதுபோல் பார்த்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் ஆட்டக்காரன்தான். விலாங்கு மாதிரி வளைந்தான். எதிர் டீம்காரர்கள் எங்கிருந்து அடித்தாலும் பந்து அவன் கையில்தான் போய் உட்கார்ந்தது. வாய்தான் நல்ல வாய் இல்லை. எங்கள் பையன்களை "ஏலே மடப்பயலுவளா, கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று விடாமல் ஏசினான். கோல் விழுந்தாலும் "சரிலே" கேட்டுப் பழகிய பையன்கள், கோலே விழாத அன்றைக்குப் பயந்து நடுங்கி ஆடினார்கள்.

ஒருமுறை எதிர் டீம் ஆள் பந்தோடு தனியாக உள்ளே வந்துவிட்டான். அப்போது என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. பார்த்தால் மாமா. முழங்கால் மடங்கி, இரண்டு கையும் விரிந்து, குடை மணலில் கிடக்கிறது. பந்து வலது பக்கம் வந்தது, மாமா இடது பக்கம் சாய்ந்தார். வாடகை மாமா வலது பக்கம் பறந்து பிடித்துவிட்டான். மாமா குடையை எடுத்து மணலைத் தட்டி மறுபடியும் சீஃப் தலைக்கு மேலே பிடித்தார்.

ஊர் ஒரே கூத்தாக இருந்தது. ஆனால் சீஃப் முகத்தில் முதலில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் எதையெதையோ சிரித்துச் சிரித்துச் சொன்னவர், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். மாமாவும் ஏனோ பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் சீஃப் வாடகை மாமாவைக் காட்டி, எப்போதும் இப்படித்தானா என்பதுபோல் ஏதோ கேட்டார். மாமா அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆல்வேஸ் சார்" என்றார்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் எதற்கோ உதைத்த பந்து, எதிர் டீம் ஆள் முழங்காலில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. ஜெயித்துவிட்டோம்! அந்த வருடத்தில் எங்கள் முதல் ஜெயம் அது. திருவிழாவில் மிஞ்சியிருந்த வெடியை எல்லாம் கொளுத்தினார்கள். அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை கூத்திலும் சீஃப் மட்டும் பையில் கைவிட்டபடி நின்றார். ஆளுக்குப் பொறாமை, இவர் ஊர் டீம் இவ்வளவு நன்றாக ஆடாது போல என்று நான் முடிவு கட்டினேன். எவ்வளவு விவரமான பிள்ளை நான்!

பரிசு கொடுக்க அவரை மறுபடி மேடையேற்றினார்கள். அவர் துணிப்பையிலிருந்து ஒரு கம்பளித் துண்டை எடுத்தார். குளிர் தேசத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்வது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, சாயம் போய், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. இந்த வேக்காட்டில் கம்பளியா என்று பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து வாடகை மாமாவின் கழுத்தில் போட்டார். தோளில் கைவைத்து நீளமாக என்னவோ பேசினார். நடுவில் ஒருமுறை குரல் தடுமாறியது, பிறகு சிரித்தார். முடித்ததும் ஊர் முழுக்க மாமாவைப் பார்த்தது. அண்ணாச்சி மைக்கை நீட்டினார்.

மாமா மைக்கை வாங்கினார்.

"நல்லா வெளையாடுனீங்கன்னு சொல்லுதாரு. இது அவரு ஊரு டீம் துண்டாம்" என்றார்.

"என்னல, இவ்வளவு நேரம் பேசுனாரு?"

"இங்கிலீசுல நீளமா வரும் அண்ணாச்சி."

கூட்டம் கைதட்டியது. திரும்பிப் போகும்போது நானும் காரில் ஏறிக்கொண்டேன். காரில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கம்போல் முதல் ஆளாகப் போய் வலையைக் கட்டினார். ஐந்து வாங்கினார். "சரிலே, சரிலே" என்றார். பையன்கள் பழையபடி பயமில்லாமல் ஆடித் தோற்றார்கள்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா லீவில் வந்தார். முதல் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மாமாவும் இருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே மாமாவைப் பார்த்து, "என்ன மச்சான், என்னய பொய்க்காரனாக்கிட்டியளே!" என்றார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்? நல்லபடியாத்தான காட்டி அனுப்புனோம்? ஒரு கோல் வுழலியே!"

"அதத்தான் சொல்லுதேன். ஒரு கோல்கூட வாங்காத கீப்பரப் போயி அப்படிச் சொன்னியேன்னு சீஃப் எனக்கு மெசேஜ் போட்டுருக்காரு. என்ன நடந்துச்சி?"

அப்போதுதான் அப்பா கப்பலில் என்ன சொல்லியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்த சீஃபின் ஊர் டீமும் எங்களைப் போலக் கடைசிப் பிரிவுதானாம். மழையில் நனைந்துகொண்டு கோல் வலைக்குப் பின்னால் நின்று, தோற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற குடும்பமாம் அவருடையது. மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அப்பாதான், "எங்க ஊருலயும் ஒருத்தன் இருக்கான். என் மச்சான். ஒன்பது வாங்குவான், அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் ஆளா வந்து வலை கட்டுவான்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளை நான் பார்க்க வேண்டும் என்று சீஃப் அன்றையிலிருந்து பிடித்துக்கொண்டாராம். அந்தக் கம்பளித் துண்டு அவருடைய அப்பா கழுத்தில் கிடந்ததாம். அதை அந்த ஆளுக்குத்தான் கொடுப்பேன் என்று கப்பலிலேயே சொல்லி வைத்திருந்தாராம்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அப்பா அளக்காமல் பேசியிருக்கிறார். அதை நாங்கள் நம்பவில்லை.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொன்னாள். பிறகு அம்மா மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீ அங்கனதான நின்ன? அவரு பேசுனது ஒனக்கு வெளங்கலியா?"

"வெளங்கிச்சி."

"என்னதான் சொன்னாரு?"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க தோத்த கதைய எல்லாம் கப்பல்ல கேட்டுருக்கேன்னாரு. ஒங்கள மாதிரி ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சா எங்கப்பாவுக்கு சந்தோசமா இருந்துருக்கும்னாரு. இன்னைக்குப் பாத்து ஜெயிச்சிட்டீங்க, பரவால்ல, கொண்டு வந்தத திருப்பிக் கொண்டு போகக் கூடாதுல்லா, அப்படின்னு சிரிச்சாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவிப்பயலே, அப்பமே வாயத் தொறந்து நாந்தான்னு சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிக்கா சொல்ல? சொன்னா நம்ம ஊரே சேந்து அவர ஏமாத்துனதுல்லா தெரிஞ்சிரும்" என்றவர், "கொழம்பு நல்லாருக்கு. இன்னொரு துண்டு மீன் வையி" என்றார்.

அம்மா நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். மறுநாளே அப்பாவும் அவளும் முத்தையாபுரத்துக்குப் போய் அந்தக் கம்பளித் துண்டைக் கேட்டார்கள். பையன் துபாய்க்குப் போய்விட்டிருந்தான். அது அவன் பைக் டேங்க்கைச் சுற்றிக் கட்டிக் கிடந்தது, பைக்கை விற்கும்போது அதோடு போய்விட்டது என்று அவன் வீட்டில் சொன்னார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது.

இப்போது நான் இங்கிலீஷில் பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். மேடையில் சீஃப் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை. காரில் அவர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது, அது என் பாடப் புத்தகத்தில் இருந்த மாதிரி சின்னக் கேள்வி. உப்பளங்களைத் தாண்டி, துறைமுக வாசலில் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சீஃப் மாமா பக்கம் திரும்பி, "டூ யூ ப்ளே?" என்றார்.

மாமா வெளியே லாரிகளைப் பார்த்தார்.

"நோ சார்" என்றார்.

சீஃப் தலையாட்டினார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கி, காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குள் போனார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காலையிலிருந்து யாராவது உளறிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கடைசி நிமிஷத்தில் இப்படி நேருக்கு நேர் கேட்டும் மாமா எவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டார், ஒரு பிசிறு இல்லையே! பெருமை தாங்கவில்லை எனக்கு. கார் திரும்பியதும் அவர் தோளில் தட்டி, "இன்னைக்கு நீங்கதான் மாமா நல்லா வெளையாடுனது" என்றேன்.

மாமா மடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"சரிளா, சரிளா. அடுத்தத பாப்போம்" என்றார்.

கோல் விழுந்தால் சொல்கிற பேச்சாயிற்றே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.